காப்பி மேல் விழாத பந்து

சேர்வராயன் மலையில் மட்டமான தரை இரண்டே இடத்தில்தான் இருக்கிறது என்று நாகலூர்ப் பக்கத்து ஆட்கள் கேலியாகச் சொல்வார்கள். ஒன்று ஏற்காட்டு ஏரித் தண்ணீர், இன்னொன்று எஸ்டேட்டில் காப்பி காயப்போடும் சிமெண்டுக் களம். ஏரி மேல் நின்று பந்து விளையாட முடியாது என்பதால் ஜீவானந்தத்தின் மகள் தீபிகா களத்தில் விளையாடினாள்.

உண்மையில் களமும் முழு மட்டம் இல்லை. மழைத் தண்ணீர் தேங்கக் கூடாது என்று கீழ்ப்பக்கமாக வாட்டம் விட்டுக் கட்டியிருந்தார்கள். நின்று பார்த்தால் தெரியாது. ஒரு பந்தை நடுவில் வைத்தால் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் நின்றுவிட்டு, மெல்லக் கிளம்பி, கீழ் மூலையில் இருக்கும் வடிகால் ஓட்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மழைக்காலமெல்லாம் களம் சும்மா கிடக்கும். அப்போது தீபிகாவும், கூலியாட்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பிள்ளைகளும் அடிக்கிற கூத்தை யாரும் கேட்பதில்லை. கார்த்திகை பிறந்து காப்பி பழுத்துவிட்டால் களத்துக்கு மரியாதை வந்துவிடும். மெஷினில் தோலுரித்துக் கழுவிய காப்பியை நடுவில் விரிப்பார்கள். பழமாகவே காயவேண்டியதை இரண்டு ஓரத்திலும் விரிப்பார்கள். பெண்கள் மரப்பலகையை இழுத்துக்கொண்டு பகல் முழுக்க அதைக் கிளறியபடி நடப்பார்கள். சாயங்காலம் நடுவில் உள்ளதை மேல்பக்கத்தில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். ஓரத்துப் பழம் இருட்டும்வரை விரித்தே கிடக்கும். குவியல் ஒரு தலைமாட்டையும் பழம் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டது போக மிஞ்சுகிற சந்துதான் தீபிகாவின் கோர்ட்.

அந்தச் சந்தையும் சும்மா கொடுக்காதவள் களத்து மேஸ்திரி கண்ணாயி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, வாய் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது. கையில் பலகையோடு களத்தின் விளிம்பில் நின்றாள் என்றால் அணில்கூட அந்தப் பக்கம் வராது. தீபிகாவை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

"ஏ பந்துக்காரி! ஆடு, வேணாங்கல. ஆனா பந்து காப்பியத் தொட்டுச்சு, அன்னியோட ஆட்டம் முடிஞ்சுது. பந்து எங்கூட்டு அடுப்புக்குத்தான் போவும், சொல்லிப்புட்டேன்."

"தொடாதுங்கத்தை."

"நீ சொன்னா பந்து கேக்குமா? சேத்துல பொரண்ட பந்து. ஒரு கொட்டையில நாத்தம் புடிச்சா மூட்டையே போச்சு. அப்பறம் ரைட்டருக்கு நீ வந்து பதில் சொல்லுவியா?"

பந்து காப்பியைத் தொட்ட நாட்களும் உண்டு. கண்ணாயி வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் பந்தைச் சேலைத் தலைப்பில் சுருட்டிக்கொண்டு போய்விடுவாள். இரண்டு நாள் கழித்து அது ஜீவானந்தம் வீட்டு வாசலில், துடைத்துச் சுத்தமாக இருக்கும். யார் வைத்தது என்று அவளும் சொன்னதில்லை, இவர்களும் கேட்டதில்லை. அந்த இரண்டு நாள் ஆட்டமும் போகக் கூடாது என்று தீபிகா ஒன்று செய்தாள். பந்து எங்கே போனாலும் அது தரையைத் தொடுவதற்குள் அவள் கை அங்கே இருக்கப் பழகிவிட்டது. குப்புற விழுந்தாவது எடுத்துவிடுவாள். முழங்காலில் பாவாடைப் பருவத்திலிருந்து விழுந்த தழும்புகள் ஏராளம்.

பள்ளிக்கூடத்தில் நல்ல மைதானம் இருந்தது. ஆனால் பள்ளி விட்டதும் பஸ் கிளம்பிவிடும். அதை விட்டால் நடைதான். பி.டி. டீச்சர் செல்வமேரி மதிய இடைவேளையில் சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு இவளோடு ஆடுவார். அவர்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரி, வாலிபால் டீமுக்குப் பிளஸ் டூ பிள்ளைகளைத் தை மாதத்திலேயே தேர்வு செய்கிறது. எடுபட்டால் படிப்பும் ஹாஸ்டலும் இலவசம்.

"அடிக்கிற ஆளா எடுப்பாங்களா மிஸ்?" என்று தீபிகா கேட்டாள். வலைக்கு மேலே எழும்பிப் பந்தை ஓங்கி அறைவதுதான் அவள் கனவு. கல்லூரி என்று நினைத்தாலே அவளுக்கு அந்தச் சத்தம்தான் காதில் கேட்கும்.

"போயி ஆடு. மத்தது அவங்க பாடு," என்றார் செல்வமேரி.

எடுபடாவிட்டால் என்ன என்பதை வீட்டில் யாரும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. பரீட்சை முடிந்த மறுவாரம் அம்மாவோடு தோட்டத்து வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான். போன வருசம் படித்து முடித்த பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை கண்ணாயி மகள் வளைகாப்புக்கு மாரமங்கலம் போயிருந்தாள். களம் அன்று தீபிகாவின் அம்மா புஷ்பலதாவின் பொறுப்பு.

சாயங்காலம் காப்பியைக் குவிக்கிற நேரம் வந்தது. புஷ்பலதா பலகையைப் பிடித்தபடி களத்தைப் பார்த்தாள். மேல்பக்கம் குவித்தால் கோர்ட்டில் பாதி போய்விடும். இத்தனை வருசத்தில் மகள் முழுக் கோர்ட்டில் ஆடி அவள் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஆடும்போதும், மழைக்காலத்தில் களம் சும்மா கிடக்கும்போதும் இவள் தோட்டத்து வேலையில் இருப்பாள். கீழ் மூலையில், வடிகால் பக்கம், கோட்டுக்கு வெளியே நிறைய இடம் சும்மா கிடந்தது. வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. ஒரு நாள்தானே என்று காப்பியைக் கீழ் மூலைக்கு இழுத்தாள்.

களத்தில் வேலை செய்கிற யாரும் செய்யாத காரியம் அது. வேறு யாராவது செய்திருந்தால் புஷ்பலதாவே கத்தியிருப்பாள்.

தீபிகா அன்று முழுக் கோர்ட்டில் ஆடினாள். புஷ்பலதா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்துச் சுவரில் உட்கார்ந்து, மகள் எழும்பி அடிப்பதை வாய் திறந்து பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம், "பாரேன், நொம்ப ஒசரம் எந்திரிக்கிறா," என்றாள். அந்தக் கொஞ்ச நேரம் அவளைப்போல் சந்தோசமாக இருந்தவர்கள் மலையிலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

தை மாதத்தில் மழை பெய்யாது என்று யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. கரடியூர்ப் பக்கமிருந்து மேகம் இறங்கியது. முதலில் சில்வர் ஓக் மரங்கள் மறைந்தன, பிறகு லைன் மறைந்தது, பிறகு ஓவென்று கொட்டியது. எல்லாரும் ஓடிவந்து ஓரத்துப் பழத்தை வாரிக் குவித்து மூடினார்கள். கீழ் மூலைக் குவியலுக்கு ஏற்கனவே தார்ப்பாய் இருந்தது. அதனால் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மழை விட்டதும் புஷ்பலதாவுக்குச் சுரீரென்றது. களத்தில் விழுந்த தண்ணீர் முழுக்க வாட்டத்தோடு கீழே வந்து, குவியலுக்கு அடியில் புகுந்து வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தார்ப்பாயை விலக்கிக் கையை அடியில் விட்டாள். சொதசொதவென்று இருந்தது. ஏறக்குறைய காய்ந்து முடிந்த காப்பி. திரும்ப நனைந்தால் வாடை பிடிக்கும், கறை விழும்.

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் பிரபாகர் குடையோடு வந்து பார்த்தார். கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருந்தது.

"கீழ யாருங்க குவிக்கச் சொன்னது?"

புஷ்பலதா கையில் ஒட்டிய ஈரக் கொட்டையை முந்தானையில் துடைத்தாள்.

"நாளைக்கு நான் மேனேஜருக்குச் சொல்லியாவணும். காரணம் கேப்பாரு. உன்னையக் களத்து வேலையில வெச்சிருக்க மாட்டாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு வீட்டில் களியும் மொச்சைக் குழம்பும். பச்சை மொச்சை வாங்கிவந்து, மகள் போகிற நாளுக்கு முன்னால் வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று காலையிலேயே உரித்து வைத்திருந்தாள் புஷ்பலதா. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"எம்மேலதாங்க தப்பு," என்று கணவனிடம் சொன்னாள். "வாட்டம் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? புள்ள ஆடறதப் பாக்கோணும்னு ஒரு ஆச. கண்ண மறச்சுப்போட்டுது."

ஜீவானந்தம் தோலுரிக்கும் மெஷினில் வேலை செய்பவர். மூட்டை தூக்கித் தூக்கி இடது தோள் போய்விட்டது. அதிகம் பேசமாட்டார். "சரி உடு. காலையில விரிச்சு உட்டுக் கெளறுனா பாதியாச்சும் தப்பிக்கும்," என்றார்.

"அத ஆரு கெளறுவாங்க? நாளைக்கு லீவு. எல்லாரும் சாமான் வாங்க ஏற்காடு போவாங்க."

தீபிகா தட்டைத் தள்ளி வைத்தாள். "நான் நாளைக்குப் போவல."

"ஏங் கண்ணு?"

"எனக்காவத்தான நனஞ்சுது? அப்பாவுக்குத் தோளத் தூக்க முடியல. நீ ஒருத்தி அத்தனையும் கெளற முடியுமா? என்னைய எடுக்கப் போறாங்களோ இல்லியோ. உனக்கு வேல போச்சுன்னா நான் காலேஜுக்குப் போயி என்ன பண்றது?"

"வாய மூடு. மழ உனக்காவவா வந்துது?"

"மழ எனக்காவ வர்ல. காப்பி எனக்காவத்தான கீழ போச்சு."

புஷ்பலதா தட்டுகளை எடுத்து அடுக்கினாள். செல்வமேரி டீச்சர் போன் செய்தார். தீபிகா எடுக்கவில்லை. ஜீவானந்தம் எடுத்து, "காலையில சொல்றோமுங்க மிஸ்," என்றார்.

விடிந்தும் விடியாமல் அம்மாவும் மகளும் களத்துக்குப் போனார்கள். மேகம் முழுக்கக் கலையவில்லை. குவியலைப் பிரித்து மேல்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தபோது, பாதையில் ஒரு மோட்டார் பைக் உறுமிக்கொண்டு வந்து நின்றது. மருமகனின் பைக்கிலிருந்து கண்ணாயி இறங்கினாள். வளைகாப்புக்குக் கட்டிய பட்டுச் சேலை, தலையில் வாடிய கனகாம்பரம், கையில் ஒரு தூக்குப் போசி. யாரோ போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

குவியலைப் பார்த்தாள். புஷ்பலதாவைப் பார்த்தாள்.

"அக்கா..." என்று ஆரம்பித்த புஷ்பலதாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுதா காயுமா? பலகைய எடு," என்ற கண்ணாயி, சேலையைத் தூக்கிச் செருகினாள். பிறகு தீபிகா பக்கம் திரும்பினாள். "ஏ பந்துக்காரி, இன்னிக்கி உனக்குச் சேலத்துல ஆட்டமில்ல? இங்க என்ன புடுங்கற?"

"நான் போவலங்கத்தை."

"ஏன்?"

"காப்பி..."

"காப்பிக்கு நான் இருக்கறேன். இத்தன நாளு எங்கிட்டத் திட்டு வாங்கிக்கிட்டு ஆடுனது எதுக்கு? ஊட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கவா?"

அதற்குள் லைனிலிருந்து ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. சாமான் பை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் பையை மரத்தில் மாட்டிவிட்டுப் பலகையை எடுத்தாள். ஒருத்தி கைக்குழந்தையைப் புருசனிடம் கொடுத்துவிட்டு வந்தாள். புருசன்மார் சிலர் குழந்தையோடே வந்தார்கள். ஜீவானந்தம் மெஷின் வீட்டிலிருந்து காய்ந்த சாக்குகளை வலது தோளில் சுமந்து வந்து ஈரத்தை ஒற்றினார்.

ரைட்டர் பிரபாகரும் வந்தார். லீவு நாளில் இத்தனை பேரா என்று ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசியில் கண்ணாயியிடம், "ஏனுங்க, கீழ குவிச்சது ஆருன்னு எனக்கு ஒரு பதில் வேணுமுங்க," என்றார்.

"நாந்தாஞ் சொன்னேன்," என்றாள் கண்ணாயி.

களத்தில் பலகைகள் நின்றன.

"நீங்க ஊர்லயே இல்லீங்களே?"

"போறப்ப சொல்லிப்புட்டுப் போனேன். மேல்பக்கம் தரையில வெடிப்பு உட்டிருக்குது, கீழ குவிடீன்னேன். மேஸ்திரி சொன்னா அவ என்ன பண்ணுவா? எழுதோணும்னா எம்பேர எழுதிக்கிடுங்க."

மேல்பக்கத்தில் வெடிப்பு எதுவும் இல்லை. அது பிரபாகருக்கும் தெரியும். முப்பது வருசமாகக் களத்தில் ஒரு தப்பும் செய்யாத பொம்பளை, தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டு நிற்கிறாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

"வெய்யில் வந்துருமுங்க," என்றார் பொதுவாக. "வாடை வராம காஞ்சுதுன்னா எழுதறதுக்கு ஒண்ணுமில்லீங்க." பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு பலகையை எடுத்தார். அவருக்குக் கிளறத் தெரியவில்லை. பெண்கள் சிரித்தார்கள்.

கண்ணாயி தூக்குப் போசியைத் தீபிகா கையில் திணித்தாள். "வளகாப்புச் சோறு. புளிச்சோறும் தேங்காச் சோறும் இருக்குது. பஸ்ல தின்னு. டீச்சருக்கும் குடு. ஓடு, பஸ்சு போயிரும்."

தீபிகா ஓடினாள். ஜீவானந்தம் செல்வமேரி டீச்சருக்குப் போன் போட்டார்.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்க இறங்கச் சூடு ஏறியது. சேலத்து மைதானத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. வந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் இவளைவிட ஒரு தலை உயரம். நல்ல ஷூ, ஊர்ப் பெயர் போட்ட சட்டை. தீபிகா செல்வமேரி டீச்சரின் பக்கத்திலேயே நின்றாள்.

முதலில் சர்வீஸ். தீபிகா அடித்த பந்து கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. காப்பி காயும் நாளெல்லாம் களத்தின் மேல்பக்கம் குவியல் இருக்கும், அங்கே நின்று சர்வீஸ் போட இடம் இருக்காது. அதனால் அவள் கீழிருந்து மேலே பார்த்தே அடித்துப் பழகியவள். இங்கே தரை மட்டம். வாட்டத்துக்காகக் கூட்டிப் பழகிய வேகம் இங்கே அதிகமாகிவிட்டது. அது அவளுக்குப் புரிவதற்குள் முறை முடிந்துவிட்டது.

அடுத்து, எழும்பி அடிப்பது. எழும்பினாள், அடித்தாள். எதிரில் இரண்டு நெட்டைப் பிள்ளைகள் கையைத் தூக்கினார்கள், பந்து திரும்பி இவள் காலடியில் விழுந்தது. கல்லூரியின் கோச் அம்மா, "உயரம் பத்தாதும்மா," என்றார். அன்பாகத்தான் சொன்னார். இவளுக்குத்தான் அது இடிபோல விழுந்தது. அம்மா சுவரில் உட்கார்ந்து வாய் திறந்து பார்த்த அந்த அடி இங்கே செல்லவில்லை. மலையில் அத்தனை பேர் வெயிலில் நடந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்ததும் கண்ணில் தண்ணீர் முட்டியது.

கடைசியாக எல்லாரையும் ஒவ்வொருவராகக் கோர்ட்டின் பின்பக்கம் நிறுத்தி, நெட்டைப் பிள்ளைகளை விட்டு அடிக்கச் சொன்னார்கள். வருவதை எடுக்க வேண்டும். தீபிகா நின்றாள். முதல் பந்து வலது ஓரத்துக்கு வந்தது. வலது ஓரம் என்றால் அவளுக்குப் பழம் காய்கிற இடம். யோசிக்கவே இல்லை, விழுந்து எடுத்தாள். இடது ஓரம். எடுத்தாள். வலையை ஒட்டிச் சும்மா தட்டிவிட்டார்கள், பாய்ந்து தரைக்கு ஒரு விரற்கடை மேலே கையை நுழைத்தாள். காதுக்குள் கண்ணாயியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அடிக்கிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார்கள்.  எழுந்து நின்றபோது இரண்டு முழங்காலிலும் ரத்தம்.

கோச் அம்மா விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டபடி அருகில் வந்தார்.

"எங்கம்மா பிராக்டிஸ் பண்ற?"

"களத்துலங்க. காப்பி காயப்போடற களத்துல."

"தரையில விழுந்தா என்ன, இன்னொரு பந்துன்னு விடறதுதான? ஏன் இப்படிப் பாயற?"

"உழுகக் கூடாதுங்க. காப்பி மேல உழுந்தா எங்க கண்ணாயத்தை பந்தப் புடுங்கிக்குவாங்க."

கோச் அம்மா சிரித்தார். சிரித்துவிட்டு இவள் முழங்காலைப் பார்த்தார். "நீ அடிக்க வேண்டாம். லிபரோவா ஆடு. டீம்ல அந்த ஒருத்திக்கு மட்டும் சட்டை வேற கலர்ல இருக்கும். பந்தக் கீழ விழாமப் பாத்துக்கறதுதான் அவ வேல. மூணு வருசமா அப்படி ஒரு பிள்ளையத் தேடறேன். பரீட்சை எழுதி பாஸ் பண்ணிட்டு வந்து சேரு, போ."

செல்வமேரி டீச்சர் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சர்வீஸ நான் சரி பண்ணிருவேன் மேடம்," என்றார்.

மலையேறும் பஸ்ஸில் தூக்குப் போசியைத் திறந்தார்கள். புளிச்சோறு லேசாக வியர்த்திருந்தது, ஆனாலும் ருசி போகவில்லை. தீபிகா சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். பந்தைத் திருடிப்போகிறாள் என்று கண்ணாயத்தையை எத்தனை நாள் மனசுக்குள் கருவியிருக்கிறாள்! அந்த ஏச்செல்லாம் கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நன்றி என்று சொன்னால் அத்தை அதற்கும் திட்டுவாள். சொல்லாமல் இருக்கவும் முடியாது.

களத்துக்கு வந்தபோது சாயங்கால வெயில் இன்னும் மிச்சமிருந்தது. யாரும் ஏற்காடு போயிருக்கவில்லை. கறை பிடித்ததைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பொறுக்கித் தனியே எடுத்திருந்தார்கள். அது ஒரு கூடைதான். மற்றது சலசலவென்று காய்ந்து, மேல்பக்கத்தில் குவிந்திருந்தது. ரைட்டர் ஒரு பிடியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் உள்ளங்கையில் கொப்புளம்.

புஷ்பலதா மகளின் முழங்காலைத்தான் முதலில் பார்த்தாள். "அய்யோ சாமி, என்னாச்சு?"

"எடுத்துட்டாங்கம்மா," என்றாள் தீபிகா. "அடிக்கறதுக்கில்ல. பந்து கீழ உழாமப் பாத்துக்கறதுக்கு."

ஜீவானந்தம் சாக்கை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். லைன் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கண்ணாயி மட்டும் பட்டுச் சேலையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிக்கொண்டு நின்றாள். தீபிகா அவளிடம் போனாள்.

"அத்தை, நீங்க திட்டித்திட்டித்தாங்க எனக்கு இது வந்துது. அங்கயும் அதத்தாஞ் சொன்னேன்."

"என்னையத் திட்டற பொம்பளன்னு சேலம் வரைக்கும் போயிச் சொல்லிப்போட்டியா?" என்றாள் கண்ணாயி. குரல் வழக்கம்போல் இல்லை. "பந்த எடு."

தீபிகா பையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுத்தாள். கண்ணாயி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். சட்டென்று, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்த பழத்தின் மேலே விழும்படி ஓங்கி வீசினாள்.

"அக்கா!" என்று புஷ்பலதா கத்தினாள்.

தீபிகா பஸ் களைப்போடு ஓடினாள். பழத்தின் மேல் கால் படக் கூடாது. விளிம்பிலிருந்தே முழு உடம்பையும் நீட்டி, சிமெண்டில் நெஞ்சு உரச, ஒற்றைக் கையை உள்ளே விட்டாள். பந்து நேராக மேலே எழும்பி, களத்துச் சுவர்ப் பக்கம் போய், அங்கே நின்றிருந்த அம்மாவின் இரண்டு கைக்குள் விழுந்தது. புஷ்பலதா அதைக் கீழே விடாமல் மார்போடு பிடித்துக்கொண்டாள்.

ஒரு பழமும் அசையவில்லை. கண்ணாயி குனிந்து உறுதி செய்துகொண்டாள்.

"ம்," என்றாள். "போ கண்ணு. காலக் கழுவி மஞ்சளப் போடு. ஊட்டுல எதாச்சும் இருந்தா தின்னு."